உழைப்பும் உரிமையும்: லூசில் பாலின் வாழ்வை முன்வைத்துச் சின்னத்திரை நடிகையருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் சின்னத்திரையில் நடித்துவரும் பெண்களுக்கு,

தொலைக்காட்சித் தொடர்கள் இன்று பல கேமராக்களால் எடுக்கப்பட்டு, தொகுக்கப்பட்டு, சேமிக்கப்பட்டு, பல ஆண்டுகள் கழித்தும் மீண்டும் ஒளிபரப்பாகிப் பணம் ஈட்டுகின்றன. இந்த வழக்கம் வேரூன்றியதில் 1951-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய 'ஐ லவ் லூசி' என்னும் நகைச்சுவைத் தொடருக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் நாயகி லூசில் பால் (1911–1989), அகன்ற கண்களும் செம்பட்டைக் கூந்தலும் கொண்ட ஒரு சிரிப்பு நடிகையாகவே இன்றும் நினைவுகூரப்படுகிறார். தாம் நடித்த தொடரின் உரிமையைக் கணவரோடு சேர்ந்து தமதாக்கிக்கொண்டவர் என்பதும், பின்னாளில் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்களுள் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண் என்பதும் அந்த நினைவில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. நாள் கணக்கில் சம்பளம் பெற்று, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின் தம் நடிப்பின் மீது எந்தப் பிடியும் இல்லாமல் உழைக்கும் உங்களுக்கு அந்த இரண்டாவது லூசிலை அறிமுகப்படுத்துவதே இம்மடலின் நோக்கம்.

நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1911 ஆகஸ்ட் 6 அன்று பிறந்த லூசில், தொலைபேசிக் கம்பி வேலையில் இருந்த தந்தையை மூன்று வயதிலேயே டைஃபாய்டு காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். பக்கத்து ஊரான செலரானில், பிரெட் ஹன்ட் என்ற தாய்வழித் தாத்தாவின் வீட்டில் வளர்ந்தார். பதினைந்து வயதில் நியூயார்க் நகரத்து நாடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்தபோது, உடன் பயின்றவர்களுள் பின்னாளில் புகழ்பெற்ற பெட்டி டேவிஸும் இருந்தார். டேவிஸைக் கொண்டாடிய ஆசிரியர்கள், லூசிலுக்கு நடிப்பு வராது என்று முடிவுகட்டி ஊருக்கே திருப்பி அனுப்பினர். அதன்பின் ஆடை விளம்பர மாடலாக வேலைபார்த்து, 1933-இல் ஹாலிவுட்டுக்குச் சென்று, கூட்டத்தில் ஒருத்தியாகவும் ஓரிரு வசனம் பேசுபவளாகவும் தொடங்கி, அடுத்த பதினெட்டு ஆண்டுகளில் ஏராளமான படங்களில் நடித்தும் அவர் முதல்நிலை நட்சத்திரம் ஆகவில்லை. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய அக்காலத்தில், குறைந்த செலவில் எடுக்கப்பட்ட துணைப்படத்தை 'பி' படம் என்பார்கள். அத்தகைய படங்களின் ராணி என்ற பட்டமே அவருக்கு வாய்த்தது. 'ஐ லவ் லூசி' தொடங்கிய ஆண்டில் அவருக்கு நாற்பது வயது நிறைந்திருந்தது என்பதை, நாற்பதை நெருங்கும் முன்பே அம்மா வேடத்துக்கு ஒதுக்கப்படும் நீங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

தொலைக்காட்சிக்கு அவரை அழைத்துவந்தது வானொலி. 1948 முதல் சி.பி.எஸ். வானொலியில் அவர் நடித்துவந்த குடும்ப நகைச்சுவைத் தொடரைத் தொலைக்காட்சிக்கு மாற்ற அந்நிறுவனம் விரும்பியபோது, கணவன் வேடத்தில் தம் உண்மையான கணவர் டெசி ஆர்னஸே நடிக்க வேண்டும் என்று லூசில் நிபந்தனை விதித்தார். ஆர்னஸ் கியூபாவில் பிறந்த இசைக்குழுத் தலைவர். அவருடைய ஆங்கிலத்தில் ஸ்பானிய வாடை வீசும். வெள்ளைக்கார அமெரிக்கப் பெண்ணுக்குக் கியூபக் கணவன் என்பதைப் பார்வையாளர் ஏற்கமாட்டார்கள் என்று நிறுவனம் தயங்கியது. அந்தத் தயக்கத்தோடு வாதிட்டுக்கொண்டிருக்காமல் இருவரும் 1950-இல் ஊர் ஊராகச் சென்று மேடையில் சேர்ந்து நடித்து, மக்கள் ஏற்பதை நேரடியாகக் காட்டினர். இசைப் பயணங்களால் எந்நேரமும் வெளியூரில் இருந்த கணவரை வீட்டோடு நிறுத்திவைக்க வேண்டும் என்ற ஆசையும் அந்த நிபந்தனைக்குள் இருந்தது.

அடுத்து நேர்ந்ததே இம்மடலுக்கு முதன்மையானது. அக்காலத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்பாயின. தொலைவிலிருந்த ஊர்களுக்கு 'கினெஸ்கோப்' பிரதிகள் அனுப்பப்பட்டன. கினெஸ்கோப் என்பது ஒளிபரப்பாகும் காட்சியைத் தொலைக்காட்சித் திரையிலிருந்தே படச்சுருளில் பிடித்துக்கொள்ளும் முறை. அதில் உருவங்கள் மங்கலாகவும் கலங்கலாகவும் தெரியும். நிகழ்ச்சிக்குப் பணம் தந்த சிகரெட் நிறுவனமான பிலிப் மாரிஸ், வாடிக்கையாளர் மிகுந்த கிழக்குப் பகுதிக்குக் கலங்கலான பிரதி செல்வதை ஏற்கவில்லை. எனவே லூசில் தம்பதியர் நியூயார்க்குக்குக் குடிபெயர வேண்டும் என்றது. கலிஃபோர்னியாவில் வீடும் கைக்குழந்தையும் கொண்டிருந்த அவர்களோ, திரைப்படத்துக்குரிய 35 மில்லிமீட்டர் படச்சுருளிலேயே தொடரை எடுத்தால் எல்லா ஊருக்கும் ஒரே தரமான பிரதி கிடைக்கும் என்றனர். அதனால் கூடிய செலவை யார் ஏற்பது என்ற பேரத்தில், வாரச் சம்பளத்தில் 1,000 டாலரைக் குறைத்துக்கொள்ள இருவரும் இசைந்தனர். அதற்கு ஈடாக, எடுக்கப்படும் படச்சுருள்களின் உரிமை தங்கள் நிறுவனமான டெசிலுவுக்கே சேரவேண்டும் என்று கேட்டுப் பெற்றனர். டெசி, லூசில் என்னும் இரு பெயர்களின் சேர்க்கையே டெசிலு. ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சிக்கு அதன்பின் என்ன விலை இருக்கப்போகிறது என்று எண்ணிய தொலைக்காட்சி நிறுவனம், அந்த உரிமையை எளிதாகக் கொடுத்துவிட்டது. தொலைக்காட்சி வரலாற்றில் இதைவிடத் தொலைநோக்கான சம்பளக் குறைப்பு வேறொன்று இருந்ததாகக் கூறுவது கடினம்.

படச்சுருளில் எடுத்தாலும் நேரலைக்குரிய உயிர்ப்பு குறையக் கூடாது என்பதற்காக, ஏறத்தாழ முந்நூறு பேர் அமர்ந்து பார்க்கும்படி படப்பிடிப்புத் தளத்தில் இருக்கை வரிசைகள் அமைத்து, மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, நாடகம்போல முதலிலிருந்து முடிவுவரை வரிசையாக நடித்தனர். பல கேமராக்களைப் படச்சுருளோடு பயன்படுத்திப் பார்த்தவர்கள் முன்பும் இருந்தனர். பார்வையாளர் முன்னிலையில் அதை வாரந்தோறும் இயங்கும் முறையாக நிலைநிறுத்தியதே டெசிலுவின் சாதனை. 'மெட்ரோபோலிஸ்' என்னும் புகழ்பெற்ற ஜெர்மானியப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த கார்ல் பிராய்ண்ட் இதற்கான ஒளியமைப்பை வகுத்தார். ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்கை மாற்றியமைக்க நேரமில்லாத நிலையில், மூன்று கேமராக்களுக்கும் பொதுவாக, மேலிருந்து ஒரே சீராக ஒளி விழும்படி அவர் செய்தார். லூசிலின் தாயார் படப்பிடிப்புகளுக்குத் தவறாமல் வந்து இருக்கை வரிசையில் அமர்ந்திருப்பார். மகள் வம்பில் சிக்கப்போகும் தருணங்களில் அவர் எழுப்பும் பதற்றக் குரல் தொடரின் ஒலித்தடத்தில் இன்றும் கேட்கிறது.

லூசிலின் நடிப்பு எத்தகைய உழைப்பால் ஆனது என்பதை அறிய, 1952-இல் வெளியான ஒரு பகுதியை உற்றுப் பார்த்தால் போதும். அதில் லூசி என்னும் பாத்திரம் ஒரு சத்து டானிக்கின் விளம்பரத்தில் நடிக்கச் செல்கிறாள். பல்லை உடைக்கும் நீண்ட பெயர்கொண்ட அந்த டானிக்கில் 23 விழுக்காடு ஆல்கஹால் இருப்பது அவளுக்குத் தெரியாது. ஒத்திகையின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கரண்டி குடித்தாக வேண்டும். முதற்கரண்டியின் கசப்பில் முகம் கோணுகிறது. அடுத்தடுத்த சுற்றுகளில் கோணல் தளர்ந்து, சுவை பழகி, கண் சொருகி, நாக்குக் குழறத் தொடங்குகிறது. ஒரே விளம்பர வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய அக்காட்சியில், எந்தச் சுற்றில் எந்த அசை பிறழ வேண்டும், எந்தச் சொல் எந்தச் சொல்லோடு இடம் மாற வேண்டும், கரண்டியில் ஊற்றும்போது எத்தனை துளி வெளியே சிந்த வேண்டும் என்பதெல்லாம் படிப்படியாகக் கூட்டப்பட்டுள்ளன. ஒரு சுற்றில் சற்று மிகுத்துவிட்டால் அடுத்த சுற்றுக்கு இடமிருக்காது. பார்ப்பவருக்கு அது அந்த நொடியில் தோன்றிய குறும்பாகப் படுகிறது. ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் கேரல் ஆகியோரின் எழுத்தும், வாரம் முழுதும் நடந்த ஒத்திகையும் அதன் பின்னால் இருந்தன. மேடலின் பியூ ஒரு பெண் என்பதும், எழுதிய உடல்மொழி நகைச்சுவை ஒரு பெண்ணால் செய்யக்கூடியதா என்று பல வேளைகளில் தாமே செய்துபார்த்து உறுதிசெய்தவர் என்பதும் தனியே பதிவு செய்யத்தக்கவை. காலையில் கைக்கு வரும் வசனத்தை மாலைக்குள் பேசி முடிக்க வேண்டிய நெருக்கடியில் நடிக்கும் உங்களுக்கு, ஒத்திகை என்பது ஆடம்பரமாகத் தோன்றக்கூடும். ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் காட்சி பழசாகாமல் இருப்பதற்கு ஒத்திகையே முதற்காரணம்.

1952-இல் லூசில் மீண்டும் கருவுற்றபோது தொடரே நின்றுவிடும் என்று பலரும் கருதினர். கருவுற்ற பெண்ணைத் திரையில் காட்டுவதே கூச்சத்துக்குரியதாக இருந்த காலம் அது. மேசைக்குப் பின்னால் நிற்கவைத்து வயிற்றை மறைக்கலாம் என்ற யோசனையை ஏற்காமல், லூசி என்னும் பாத்திரமும் கருவுற்றதாகக் கதையை அமைத்துக்கொண்டனர். கத்தோலிக்கப் பாதிரியார், புராட்டஸ்டன்ட் போதகர், யூத மதகுரு ஆகிய மூவர் கதைவசனத்தைப் படித்து ஒப்புதல் தந்த பின்னரே அப்பகுதிகள் படமாயின. 1953 ஜனவரி 19 அன்று திரையில் லூசிக்குக் குழந்தை பிறந்தது. அதே நாளில் நடிகைக்கும் அறுவைச் சிகிச்சை மூலம் மகன் பிறந்தான். அந்தப் பகுதியை ஏறத்தாழ 4.4 கோடிப் பேர் பார்த்தனர்; மறுநாள் நடந்த குடியரசுத் தலைவர் ஐசனோவரின் பதவியேற்பைப் பார்த்தவர்கள் 2.9 கோடிப் பேர். கருவுற்றதால் ஒரு நடிகை விலக, அடுத்த நாள் காட்சியின் அடியில் 'இவருக்குப் பதில் இவர்' என்ற வரியோடு இன்னொரு முகம் அதே புடவையில் தோன்றும் வழக்கத்தை அறிந்தவர்கள், அந்தத் தம்பதியர் எழுதவைத்த கதைத் திருப்பத்தின் அருமையை உணர்வார்கள். தொடரின் உரிமை அவர்களிடம் இருந்ததால்தான் அவர்களுடைய வாதத்துக்கு அவ்வளவு வலு இருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் வந்த சோதனை வேறு வகையானது. 1936-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு வாக்காளராகப் பதிந்தபோது லூசில் கம்யூனிஸ்டுக் கட்சியைக் குறித்திருந்தார் என்ற செய்தி வெளியாயிற்று. பொதுவுடைமையர் என்ற சந்தேகம் ஒன்றே கலைஞர்களின் வாழ்வை முடித்துவிடப் போதுமானதாக இருந்த அந்நாட்களில், சோஷலிசப் பற்றுக்கொண்ட தாத்தாவை மகிழ்விக்கவே அப்படிப் பதிந்ததாக நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் அவர் விளக்கினார். மக்களும் விளம்பரதாரரும் அவரைக் கைவிடவில்லை. அவர் அளவுக்குப் புகழோ சொந்த நிறுவனமோ இல்லாத பல கலைஞர்கள் அதே காலத்தில் வேலையிழந்து நின்றனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லூசி என்னும் பாத்திரத்துக்கும் லூசில் என்னும் பெண்ணுக்கும் இடையே இருந்த முரண் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. திரையில் லூசி ஓர் இல்லத்தரசி. கணவனைப்போல் தானும் மேடையேற வேண்டும் என்று துடிப்பவள். ஒவ்வொரு வாரமும் ஏதேனும் தந்திரம் செய்து, மாட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு வீட்டுக்குள் திரும்புபவள். பெண்ணின் ஆசையை எள்ளி நகையாடி அடக்கும் கதையமைப்பு இது என்று பெண்ணியத் திறனாய்வாளர் சிலர் குறைகூறியுள்ளனர். அக்குறையில் உண்மை உண்டு. ஆனால் வீட்டுக்குள் அடைபட மறுத்து, தோற்றாலும் மறுவாரம் மீண்டும் கிளம்பும் அந்தப் பிடிவாதத்தையே பார்வையாளர்கள் நேசித்தார்கள் என்பதும் உண்மை. பாத்திரத்தை எழுதுபவர் விதிக்கும் எல்லைக்குள் நின்றுகொண்டே அந்த எல்லையை அசைத்துப்பார்க்க ஒரு நடிகையால் முடியும் என்பதற்கு இத்தொடர் சான்று. அடி வாங்கி அழும் மருமகளையோ சூழ்ச்சி செய்து முறைக்கும் நாத்தனாரையோ ஆண்டுக்கணக்கில் நடிக்க நேரும் உங்களில் பலர், ஒரு பார்வையிலோ ஒரு சொல்லழுத்தத்திலோ அந்தப் பெண்களுக்குக் கதாசிரியர் தராத மதிப்பைத் தந்திருக்கிறீர்கள். அதைப் பார்ப்பவர்கள் கவனிக்கத்தான் செய்கிறார்கள்.

1957-இல் அரைமணித் தொடர் 180 பகுதிகளோடு நிறைவுற்றது. ஆறு பருவங்களுள் நான்கில் அது அமெரிக்காவிலேயே முதலிடத்தில் இருந்தது. யாரும் மதிக்காமல் விட்டுக்கொடுத்த அந்தப் படச்சுருள்களின் உரிமையை, நாற்பது லட்சம் டாலருக்கும் மேலான விலை கொடுத்து அதே சி.பி.எஸ். நிறுவனம் திரும்ப வாங்கியது. அத்தகைய வருவாயின் பலத்தில் டெசிலு அதே ஆண்டில் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவை ஏறத்தாழ அறுபது லட்சம் டாலருக்கு வாங்கிற்று. 1930-களில் லூசில் ஒப்பந்த நடிகையாகச் சிறுவேடங்களில் நடித்த இடம் அந்த ஆர்.கே.ஓ. தான்.

மணவாழ்வு அந்த அளவுக்கு நிலைக்கவில்லை. ஆர்னஸின் குடியும் பிற பெண்களோடு அவருக்கிருந்த உறவுகளும் முற்றியபின், இருவரும் சேர்ந்து நடித்த கடைசிப் படப்பிடிப்பு முடிந்த மறுநாளே, 1960 மார்ச்சில், லூசில் மணவிலக்குக் கோரினார். 1962-இல் ஆர்னஸின் பங்குகளையும் விலைக்கு வாங்கி டெசிலுவின் தலைவரானார். நிர்வாகப் பொறுப்பு அவருக்கு விருப்பமானதன்று, ஆயினும் பின்வாங்கவில்லை. செலவு மிகுதி என்று நிறுவனத்துக்குள் பலர் தயங்கிய 'ஸ்டார் டிரெக்' என்னும் விண்வெளித் தொடர் அவருடைய ஆதரவால் உருப்பெற்றது. 'மிஷன் இம்பாசிபிள்' தொடரும் அவர் தலைமையின்கீழ் டெசிலுவில் பிறந்தது. 1967-இல் நிறுவனத்தை 1.7 கோடி டாலருக்கு விற்றுவிட்டதால், அவ்விரு தொடர்களும் பின்னர் ஈட்டிய பெருஞ்செல்வம் அவரைச் சேரவில்லை. அவ்வளவு தொலைவு கண்டவருக்கும் எல்லாம் தெரிந்துவிடவில்லை.

பிற்காலத் தொடர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 'தி லூசி ஷோ', 'ஹியர்ஸ் லூசி' ஆகியவை 1974 வரை வெற்றியோடு ஓடின. ஆனால் பழைய பாத்திரத்தின் சாயலிலிருந்து அவரை விடுவிக்க யாரும் துணியவில்லை. 1985-இல் வீடற்ற முதியவளாக ஒரு தொலைக்காட்சிப் படத்தில் நடித்தது துணிச்சலான விலக்கு. மறு ஆண்டு, எழுபத்தைந்து வயதில் மீண்டும் தொடங்கிய நகைச்சுவைத் தொடர், எட்டே பகுதிகள் ஒளிபரப்பான நிலையில் நிறுத்தப்பட்டது. 1989 ஏப்ரல் 26 அன்று, இதயத்திலிருந்து செல்லும் பெருநாடி வெடித்து அவர் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்.

தமிழிலும் உரிமையின் அருமையை உணர்ந்த பெண்கள் உண்டு. 'சித்தி' (1999) தொடரைத் தம் ராடான் நிறுவனத்தின் மூலம் தயாரித்து அதில் தாமே நடித்த ராதிகாவும், குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கித் தொடர் தயாரிப்பாளராக உயர்ந்த குட்டி பத்மினியும் இதற்குச் சான்று. ஆனால் எல்லோரும் தயாரிப்பாளர் ஆக இயலாது; ஆக வேண்டியதும் இல்லை. நடிப்பவர் என்ற நிலையிலேயே உங்களுக்குச் சட்டம் தந்துள்ள உரிமை ஒன்று இருக்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஏ பிரிவு நிகழ்த்துநர் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. நிகழ்த்துநர் என்ற சொல் நடிகர், பாடகர், இசைக்கலைஞர், ஆடுபவர் ஆகியோரைக் குறிக்கும். எழுத்துமூலம் இசைவளித்து ஒரு படைப்பில் நடித்துவிட்டால், அதைத் தயாரிப்பாளர் பயன்படுத்துவதை நடிகர் தடுக்க முடியாது என்று கூறும் அப்பிரிவு, அந்நடிப்பு வணிகப் பயன்பாட்டுக்கு உள்ளாகும்போது ராயல்டி, அதாவது வருவாயில் உரிமைப்பங்கு, பெற அவருக்குத் தகுதி உண்டு என்றும் சேர்த்துச் சொல்கிறது. பாடகர்கள் இந்த உரிமையைக் கையிலெடுத்து, சங்கமாகத் திரண்டு போராடி வருகிறார்கள். சின்னத்திரை நடிகையர் மத்தியில் அப்பிரிவு பேச்சாகக்கூட இல்லை.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்றபோது, 'மெட்டி ஒலி' போன்ற பழைய தொடர்களை மறுஒளிபரப்புச் செய்தே அலைவரிசைகள் நாட்களை ஓட்டின. கால்ஷீட் இல்லாததால் நடிகையர் வருவாயின்றி வீட்டில் இருந்த அதே மாலைகளில், அவர்கள் பல ஆண்டுகளுக்கு முன் நடித்துக் கொடுத்தவை விளம்பரங்களோடு ஓடிக்கொண்டிருந்தன. இன்று இணையத்தளங்களில் அத்தொடர்கள் பகுதி பகுதியாகக் காணக் கிடைக்கின்றன. அவற்றுக்குச் சந்தை இருப்பதை மறுப்பவர் எவரும் இல்லை.

ஆகவே உங்களிடம் இம்மடல் வைக்கும் வேண்டுகோள் இதுதான். அடுத்த தொடருக்கான ஒப்பந்தம் கைக்கு வரும்போது, நாள் சம்பளம் எழுதிய வரியோடு நிறுத்தாமல், மறுஒளிபரப்பையும் இணைய வெளியீட்டையும் வேற்றுமொழி மாற்றத்தையும் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். புரியாவிட்டால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பின் கையெழுத்திடுங்கள். தனியாகக் கேட்பவரைத் தொடரிலிருந்து நீக்குவது எளிது என்பதால், உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் 38ஏ பிரிவை விவாதப் பொருளாக வைக்குமாறு மூத்தவர்களும் இளையவர்களும் சேர்ந்து கையொப்பமிட்டுக் கோருங்கள்.